மாதிரிக் குடும்பம் நடந்து பார்த்த வீடு

உங்கள் வீட்டில் யார் எந்த அறையில் தூங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், வரைபட வாரியத்தின் படியை நீங்கள் இன்னும் மிதிக்கவில்லை என்று அர்த்தம். கண்டக்டரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டவுன் பஸ்ஸில் காலம் தள்ளியவர். மூச்சு விட இடமில்லாத பஸ்ஸுக்குள் இன்னும் ஒரு கூட்டத்தை ஏற்றி, "உள்ள போங்க, உள்ள எவ்வளவு இடம் இருக்கு பாருங்க" என்று சொல்லி அதை நம்பவும் வைத்தவர். அப்படிப்பட்டவருக்கு, சொந்தமாக வாங்கிய ஒரு சின்ன மனையில் நாலே பேரைக் குடிவைப்பது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. நாலு பேர் என்றால் அவர், மனைவி, மகள், அப்புறம் அவருடைய அக்கா.

வீட்டைக் கட்டுவதே அக்காவுக்காகத்தான். அக்கா ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். கை மட்டும் நுழைகிற ஓட்டை வழியாக ஊரையே மிரட்டியவள். வரிசையைத் தாண்டி வருகிறவனைக் குரலாலேயே பின்னால் தள்ளுவாள். ஒரு மழை நாளில் வாடகை வீட்டின் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. வாடகை வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கண்டக்டரும் அவருடைய பஸ் டிரைவரும் சேர்ந்து அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறக்கும், ஒரு தலை எட்டிப் பார்க்கும், "பாவம்" என்று ஒரு குரல் வரும். அக்காவுக்கு முதுகு வலியைவிட அந்தப் "பாவம்"தான் அதிகம் வலித்தது.

மனை வாங்கிய அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்குப் பெரிய ரூமெல்லாம் வேணாம்டா. ரூம்லேருந்து நேரா தெருவுக்கு ஒரு கதவு. கதவுக்கு முன்னாடி படி இருக்கக் கூடாது. காலையில நானே திறந்து, நானே உருட்டிக்கிட்டுப் போய், டீக்கடையில ஒரு டீ குடிச்சிட்டு வரணும். யாரையும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்."

வீட்டின் வரைபடத்தை அவர்கள் தங்கள் வாடகை வீட்டின் தரையிலேயே போட்டார்கள். கட்டிலை நகர்த்தி, பீரோவை நகர்த்தி, அக்கா நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, மகள் பென்சிலால் கோடு போட்டாள். "இன்னும் ஒரு ஜாண் தள்ளு" என்பாள் அக்கா. சமையலறை ஜன்னல் தெருப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று மனைவி அடம்பிடித்தாள்.

"எதுக்கு? உன் புருஷன் வர்றதைப் பார்க்கவா? அவன் வந்தா விசில் சத்தம் கேக்கும்" என்றாள் அக்கா.

"அண்ணி, நீங்க தெருவுக்குப் போறப்ப நான் பார்க்கணும்ல" என்றாள் மனைவி. நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அக்கா நாற்காலியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் தெருப்பக்கமே வந்தது.

அந்தப் படத்தை ஒழுங்காக வரையவைத்து எடுத்துக்கொண்டு, வீடு கட்ட ஒப்புதல் வாங்கக் கண்டக்டர் வரைபட வாரியத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில் ஒரே ஒரு கவுண்டர். அதற்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த வசதியைக்கூட வாரியம் மக்களுக்குக் கொடுப்பதில்லை.

"குடும்பத்துல எத்தனை பேர்?"

"நாலு பேர் சார்."

குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது. "அப்பா, அம்மா, மகன், மகள். அளவெடுத்த மாதிரி இருக்கு."

"மகன் இல்ல சார். நான், மனைவி, மகள், என் அக்கா."

"அக்காவா?" குமாஸ்தா தன் முன்னால் இருந்த தாளை மேலும் கீழும் பார்த்தார். "அக்கான்னு இங்க ஒரு கட்டமே இல்லையே. நாலாவது கட்டம் மகன். அதைக் காலியா விட்டா மேல வாங்க மாட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். பிறகு, உதவி செய்கிறவரின் குரலில் சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். அக்காவை மகன்னு போட்டுக்கறேன்."

"அவங்க என்னைவிட மூத்தவங்க சார்."

"வயசுக்கு இங்க கட்டம் இல்ல. அதனால பிரச்சனை வராது."

கண்டக்டர் தலையாட்டினார். தலையாட்டியதற்காக அவர் பிற்பாடு தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனால் பின்னால் பெரிய வரிசை நின்றது. வரிசையை நிறுத்திவைப்பது அவர் தொழில் தர்மத்துக்கு ஆகாது.

குமாஸ்தா படத்தை விரித்தார். அக்காவின் அறையில் பென்சிலை வைத்தார். "இது தப்பு. மகன் அறை மாடியிலதான் வரணும். மகன்னா ஓடி ஏறுவான், ஓடி இறங்குவான். கால் சும்மா இருக்குமா? கீழ வெச்சா அந்தக் கால் வீணாப் போயிடும்."

"சார், அவங்களால நடக்கவே முடியாது."

"மகன் நடப்பான்" என்றார் குமாஸ்தா, ஆறுதலாக.

"அவங்க ரூம்லேருந்து தெருவுக்கு ஒரு கதவு..."

"அதான் இன்னும் பெரிய தப்பு. மகன் அறைக்கு நேரா தெருவுல கதவு வெச்சா, அவன் எப்பப் போறான், எப்ப வர்றான், யாரோட சுத்தறான்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு அவன் கெட்டுப்போனா வாரியம்தானே பதில் சொல்லணும்?"

டீக்கடைக்குப் போய்க் கெட்டுப்போகக்கூடிய தன் அக்காவை நினைத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டு அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"நீங்க சரின்னு தலையாட்டிட்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கட்டத்தின் பெயர் வாழ்ந்து பார்த்தல். வாரியம் மிகவும் பெருமைப்படுகிற விஷயம் இதுதான். மூன்றாவது மாடியில் ஒரு பெரிய கூடம். வழவழப்பான தரை. மனு கொடுத்தவரின் வீட்டை, வாரியம் திருத்தியபடி, அந்தத் தரையில் நிஜ அளவில் சாக்பீஸால் வரைவார்கள். பிறகு வாரியத்தின் மாதிரிக் குடும்பம் உள்ளே வந்து, காலையில் எழுவதிலிருந்து இரவு விளக்கை அணைப்பது வரைக்கும் ஒரு முழு நாளை அந்தக் கோடுகளுக்குள் வாழ்ந்து பார்க்கும். மாதிரிக் குடும்பத்துக்குத் திருப்தி என்றால் வீட்டுக்கு ஒப்புதல் கிடைக்கும். வீட்டுக்காரர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கோட்டை மிதிக்கக் கூடாது.

மாதிரிக் குடும்பத்தில் நாலு பேர். நாலு பேருமே நிரந்தர ஊழியர்கள். மாதிரி அப்பா இல்லாத நாளிதழை விரித்துப் படித்தார். மாதிரி அம்மா இல்லாத பாத்திரத்தில் இல்லாத கரண்டியால் எதையோ கிண்டினாள். மாதிரி மகள் சுவர்க் கோட்டைப் பார்த்துத் தலை வாரினாள். மாதிரி மகனுக்குத் தலை நரைத்து, தொப்பை விழுந்திருந்தது. புத்தகப் பையை முதுகில் மாட்டியிருந்தார். மாதிரி அப்பா ஓய்வு பெற்றால்தான் அவர் அப்பாவாக முடியும். மாதிரி அப்பாவோ பதவி நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கிக்கொண்டிருந்தார். மாதிரி அம்மா அவரைவிட இளையவள். "அம்மா, பசிக்குது" என்று அவளைப் பார்த்து அவர் சொன்னபோது, அந்தக் குரலில் ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கைக் களைப்பும் இருந்தது.

"அந்தம்மா என் அடுப்படியில என்னத்தைக் கிண்டுது?" என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கிட்டு நிக்குது. ஜன்னலை எங்க கொண்டுபோய் வெச்சிருக்காங்க பாருங்க."

கண்டக்டர் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதிரி மகன் மாடி ஏறிக்கொண்டிருந்தார். மாடிப்படியும் சாக்பீஸ்தான். கூடத்தின் இன்னொரு மூலையில் 'மாடி' என்று எழுதி, நடுவில் குறுக்குக் கோடுகள் போட்டிருந்தார்கள். சமதரையில் முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைத்து அவர் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார். அக்காவின் பெயரில் மாடியில் போட்டிருந்த அறையில் நின்று, "ரூம் நல்லா இருக்கு" என்றார்.

"சார், அது என் அக்கா ரூம்" என்றார் கண்டக்டர், கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"குடும்பம் வாழ்ந்துக்கிட்டிருக்கும்போது குறுக்க பேசக் கூடாது" என்று காவலாளி அதட்டினார்.

கடைசியில் மாதிரிக் குடும்பம் வரிசையாக நின்று அபிப்பிராயம் சொன்னது. எல்லோருக்கும் திருப்தி. மாதிரி அம்மா மட்டும் ஒரு யோசனை சொன்னாள். "கீழ ஒரு அறை சும்மா கிடக்குதுங்க. தெருப்பக்கம். அதுல பழைய சாமான் போட்டுக்கலாம்."

அதை எழுதிக்கொண்டார்கள். அக்கா ஒவ்வொரு ஜாணாக நாற்காலியைத் திருப்பி அளந்த அறைக்கு நடுவில், சாக்பீஸால் 'பழைய சாமான்' என்று எழுதினார்கள். பயணிகள் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியபோதெல்லாம் வராத கோபம் கண்டக்டருக்கு அப்போது வந்தது. இயக்குநரைப் பார்க்காமல் போவதில்லை என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநர் மறுக்காமல் உள்ளே அழைத்தார். பேச ஆள் கிடைத்தால் அவர் யாரையும் மறுப்பதில்லை.

"நடக்க முடியாதவங்க யாருமே மாதிரிக் குடும்பத்துல இல்லையா சார்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"யார் சொன்னது இல்லைன்னு?" இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடக்க முடியாத உறவினர்னு ஒரு பணியிடம் இருக்கு. உருவாக்கினதே நான்தான். அதுக்காக எனக்கு மாலையெல்லாம் போட்டாங்க. ஆனா ஆள் கிடைக்கல. வேலையில சேர்றதுக்கு முன்னாடி உடல் தகுதிப் பரிசோதனை இருக்கில்ல? நடக்க முடியாதவங்க ஒருத்தர்கூட அதுல தேற மாட்டேங்கறாங்க. தேறினவங்க எல்லாம் நல்லா நடக்கறாங்க. நாங்க என்ன பண்றது, சொல்லுங்க."

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். இயக்குநர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"பாருங்க. வீடு மனுஷங்களுக்காகன்னு நிறைய பேர் தப்பா நினைச்சுக்கிட்டிருக்காங்க. நீங்களும் அப்படித்தான். மனுஷங்களை நம்பிச் சுவர் எழுப்ப முடியுமா? இன்னிக்கு நடப்பாங்க, நாளைக்கு விழுவாங்க. கல்யாணம் பண்ணிக்குவாங்க, கோவிச்சுக்கிட்டுப் போவாங்க, ஒருநாள் செத்தும் போவாங்க. சுவர் அப்படியா? எங்க மாதிரிக் குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தருக்கு ஜலதோஷம்கூட வந்தது கிடையாது. வந்தா லீவு போட்டுட்டுப் போயிடுவாங்க. அதனாலதான் நாங்க ஒப்புதல் குடுத்த எந்த வீட்டுலயும் குறை கிடையாது. குறையெல்லாம் அதுல குடி வர்றவங்ககிட்டதான்."

"என் அக்கா பழைய சாமான் இல்ல சார்" என்றார் கண்டக்டர். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

இயக்குநர் கருணையோடு அவரைப் பார்த்தார். "சரி. உங்களுக்காக ஒரு சிறப்பு விசாரணை வைக்கறேன். உங்க அக்காவை நேர்ல கூட்டிட்டு வாங்க. அவங்களால மாடி ஏற முடியாதுன்னு என் கண்ணால பார்த்துட்டா, கீழ அறையும் உண்டு, கதவும் உண்டு."

"எங்க வரணும் சார்?"

"கூடத்துக்குத்தான். மூணாவது மாடி."

"லிஃப்ட் இருக்கா?"

"லிஃப்டுக்குப் படம் போட்டு ரொம்ப நாளாச்சு. மாதிரிக் குடும்பம் அதுல நின்னும் பார்த்தாங்க. சாக்பீஸ்ல வரைஞ்ச லிஃப்ட் மேல போகல. அதனால ஒப்புதல் குடுக்க முடியல."

"அவங்க வரலைன்னா?"

"வரலைன்னா, அவங்களுக்கு அந்த அறை மேல அக்கறை இல்லைன்னு எடுத்துக்குவோம்."

வீட்டுக்கு வந்து கண்டக்டர் இதைச் சொன்னபோது அக்கா இந்த முறை சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியை உருட்டினாள். பிறகு, "போலாம்டா" என்றாள்.

விசாரணை நாளன்று அவள் தலையைப் படிய வாரி, தியேட்டர் வேலைக்குப் போகும்போது கட்டுகிற கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். கண்டக்டரும் டிரைவரும் வாடகை வீட்டின் மூன்று மாடியை இறக்கி, வாரியத்தின் மூன்று மாடியை ஏற்றினார்கள். ஒவ்வொரு வளைவிலும் கோப்புகளோடு நின்றவர்கள் சுவரோரம் ஒதுங்கி, "பாவம்" என்றார்கள். இரண்டாவது மாடி வளைவில் கண்டக்டரின் தோளில் ஏதோ சுளுக்கியது. அவர் சொல்லவில்லை. ஆனால் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்ததில் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. டிரைவருக்கு வண்டி எடுக்க நேரமாகிவிட்டதால், அவளைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் அவர் ஓடிவிட்டார்.

கூடத்துத் தரையில் அவர்களுடைய வீடு இருந்தது. சிறப்பு விசாரணை என்பதால் முதலில் கொடுத்த படத்தையே வரைந்திருந்தார்கள். தெருப்பக்க அறை, அதற்கு நேராகத் தெருவுக்கு ஒரு கதவு. மாதிரிக் குடும்பம் ஓரமாக நின்றது. கீழே கவுண்டரில் இருந்த குமாஸ்தா எழுதிக்கொள்ள வந்திருந்தார்.

"உள்ள போங்கம்மா" என்றார் இயக்குநர்.

அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். எங்கும் இடிக்கவில்லை. பிறகு அந்தக் கதவு வழியாகத் தெருவுக்கு வந்தாள். திரும்பிப் போனாள். மறுபடியும் வந்தாள், மறுபடியும் உள்ளே போனாள். அவளை யாரும் தள்ளவில்லை, யாரும் பிடிக்கவில்லை. வெறும் சாக்பீஸ் கோடுதான், ஆனாலும் அவள் முகத்தில் டிக்கெட் கவுண்டர் காலத்து மிடுக்கு வந்துவிட்டது. கூட வந்திருந்த மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாதிரி மகன் புத்தகப் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்ப நீங்க எத்தனாவது மாடியில இருக்கீங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"மூணாவது."

"எழுதிக்கோங்க" என்றார் இயக்குநர் குமாஸ்தாவைப் பார்த்து. "மூணாவது மாடிக்கு வந்தாச்சு. வீட்டுல இருக்கறது ஒரே மாடி. அதனால சிரமம் இல்ல."

"நான் ஏறி வரல. என் தம்பி தூக்கிட்டு வந்தான்."

"எப்படி வந்தீங்கங்கறது உங்க குடும்ப விஷயம். வந்தீங்களா இல்லையாங்கறதுதான் வாரியத்து விஷயம்."

"வராம இருந்திருந்தா?"

"வராம இருந்திருந்தா மனு தள்ளுபடி ஆகியிருக்கும். நல்லவேளை, வந்தீங்க." இயக்குநர் நடந்து வந்து தெருக் கதவு இருந்த இடத்தில் நின்றார். காலணியால் அதைத் தேய்த்து அழித்தார். அந்த இடத்தில் ஒரே இழுப்பாக ஒரு கோடு இழுத்து, சுவரை மூடினார். கண்டக்டர் தன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவருக்கு அங்கே இருந்த எதுவும் சரியாகத் தெரியவில்லை. கை தானாகச் சட்டைப் பையில் இருந்த விசிலைத் தேடியது.

அக்கா நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

"சரி. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"இது ஆபீஸ்ம்மா."

"நீங்கதான எனக்கு மாடியில ரூம் குடுத்தீங்க? இது மாடி. இது ரூம். காத்தும் வருது. எனக்குத் திருப்தி. எழுதிக்கச் சொல்லுங்க."

இயக்குநர் சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. மணி அடித்தது. அலுவலகம் மூடும் நேரம். வாரியத்தின் விதி ஒன்று அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. வரைந்த வீட்டுக்குள் ஆள் இருக்கும்வரை அந்த வீட்டை அழிக்கக் கூடாது. வீட்டை அழிக்காமல் மாதிரிக் குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. அவர்கள் போகாமல் இயக்குநர் போகக் கூடாது. அந்த விதியையும் அவர்தான் உருவாக்கியிருந்தார்.

"உங்க அக்காவைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் இயக்குநர் கண்டக்டரிடம்.

கண்டக்டர் முன்னால் வந்தார். "நீ கை வைக்காதடா" என்றாள் அக்கா. "உன் தோள் போனது எனக்குத் தெரியும். சிரமம் இல்லைன்னு எழுதினாங்கல்ல? எழுதினவங்களே தூக்கட்டும்."

முதலில் கோட்டைத் தாண்டியது மாதிரி மகன்தான். சுவர்க் கோட்டை மிதித்துக்கொண்டே வந்து நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"சுவர் வழியா வர்றீங்க" என்றார் இயக்குநர்.

"எங்க வீட்டுல நிஜமா ஒரு அம்மா இருக்காங்க சார். நான் போய்த் தூக்கினாத்தான் கட்டிலை விட்டே இறங்குவாங்க. நேரமாச்சு."

"அது உங்க சொந்த விஷயம்."

"ஆமா சார். ஒரு பக்கம் பிடிங்க."

மாதிரி அப்பா இன்னொரு பக்கம் பிடித்தார். மூன்றாவது பக்கத்துக்குக் குமாஸ்தா. காவலாளி கீழே பூட்டப் போய்விட்டதால் நாலாவது பக்கத்துக்கு வேறு ஆண் இல்லை. மாதிரி அம்மா இயக்குநரைப் பார்த்தாள், இல்லாத அடுப்பைப் பார்க்கிற அதே பார்வைதான். இயக்குநர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

படிக்கட்டின் உச்சியில் நாலு பேரும் நாலு பக்கம் இழுத்தார்கள். நாற்காலி ஆடியது. கண்டக்டர் விசிலை எடுத்தார். அந்த ஊரில் கண்டக்டரின் விசிலுக்குக் கட்டுப்படாதவர் கிடையாது. இரண்டு விசில் கொடுத்தார், நாலு பேரும் நகர்ந்தார்கள். ஒரு விசில் கொடுத்தார், நின்றார்கள். "முன்னாடி இருக்கறவங்க தூக்கிப் பிடிங்க. பின்னாடி சார், தூங்காதீங்க. வளைவு வருது, வலதுபக்கம் ஒதுங்குங்க." விசில் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு அறையிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. இந்த முறை யாரும் "பாவம்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது யாருக்கு என்று கேட்க வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாவது மாடி வளைவில் இயக்குநர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன கனம்" என்றார், மூச்சு வாங்க.

"என் கனம் இல்ல சார், படியோட கனம்" என்றாள் அக்கா. "இன்னும் இருக்கு. எந்திரிங்க."

கீழே இறக்கி வைத்தபோது இயக்குநர் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அக்காவைப் பார்த்து, "தினமும் இப்படின்னா ரொம்பக் கஷ்டம்தாம்மா" என்றார். நிஜமாகவே சொன்னார். வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி, "அந்த ஆளுக்குப் புரிஞ்சிருச்சுங்க" என்றாள். கண்டக்டரும் அப்படித்தான் நம்பினார். இத்தனைக்குப் பிறகும் நம்பினார் என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து முடிவைக் கேட்கக் கவுண்டருக்குப் போனார். குமாஸ்தா முடிவைப் படித்துக் காட்டினார். படிக்கும்போது கண்டக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மகன் அறை மாடியில்தான். அதில் மாற்றம் இல்லை. அதோடு, மேற்படி நபர் மூன்று மாடி இறங்கியதை இயக்குநரே கூட இருந்து பார்த்திருக்கிறார், கீறல்கூட இல்லாமல் இறங்கினார், எனவே கீழே தெருவுக்குத் தனிக் கதவும் தேவையில்லை. கடைசியாக ஒரு பொது உத்தரவும் இருந்தது. இப்படிப்பட்டவர்கள் மாடி ஏறி வருவதில் எல்லோருக்கும் உண்டாகும் கஷ்டத்தை இயக்குநர் சொந்த அனுபவத்தில் உணர்ந்துவிட்டதால், இனிமேல் நடக்க முடியாத யாரையும் விசாரணைக்கு அழைக்க வேண்டியதில்லை. அவர்கள் இல்லாமலே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

"சாருக்குத் தோள்ல இன்னும் கட்டுப் போட்டிருக்கு" என்றார் குமாஸ்தா, வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல்.

கண்டக்டர் ஒப்புதல் வாங்கிய படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வீடு அந்தப் படத்தின்படிதான் எழும்பியது. சமையலறையில் மனைவி தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறாள். மாடியில் மகன் அறை பிரமாதமாக இருக்கிறது. காற்று வரும், வெளிச்சம் வரும். இதுவரை அதில் யாரும் படுத்ததில்லை. கீழே தெருப்பக்கம் 'பழைய சாமான்' அறை, அதில்தான் அக்காவின் கட்டில். அந்த அறையின் தெருச்சுவரை எழுப்பும்போது கண்டக்டர் கொத்தனாரிடம் ஒன்று சொன்னார்.

"இந்த இடத்துல மட்டும் செங்கல் வைக்காதீங்க. அப்புறம் பார்த்துக்கலாம்."

நாற்காலி தாராளமாகப் போகிற அகலத்துக்கு அந்த இடம் திறந்திருக்கிறது. படத்தில் இல்லாத கதவு வைத்தால்தான் குற்றம், முடிக்காத சுவர் வெறும் பாக்கி வேலை. மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள். தார்ப்பாயையும் மீறித் தண்ணீர் உள்ளே வருகிறது. கட்டி முடிக்காத வீட்டுக்கு வாரியம் நிறைவுச் சான்று தராது. சான்று இல்லாமல் குழாய் இணைப்பு கிடையாது. மனைவியும் மகளும் தெருக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நிற்கிறார்கள். ஒரே ஒரு கதவுக்காக ஒரு குடும்பம் இத்தனையும் பட வேண்டியிருக்கிறது.

பார்வையிட ஒருநாள் காலையில் குமாஸ்தா மறுபடியும் வந்தார். ஓட்டையின் நடுவில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சுவர் ஏன் முடியல?"

"வேலை நடக்குது சார்" என்றார் கண்டக்டர்.

"இதையேதான் போன தடவையும் சொன்னீங்க. எப்ப முடிப்பீங்க?"

கண்டக்டர் பதில் சொல்வதற்குள் உள்ளே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அக்கா வந்தாள். தலை வாரியிருந்தாள், கைக்கடிகாரம் கட்டியிருந்தாள். டீக்கடை திறந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

"கொஞ்சம் நகருங்க தம்பி" என்றாள். "வழியில நிக்கறீங்க."